ஒரே அறை, ஒரே 28 டிகிரி: ஒருவருக்குப் புழுக்கம், ஒருவருக்குக் குளிர்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சின்ன வெப்பமானி மாட்டியிருக்கிறேன். போன ஏப்ரலில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு அது 28 டிகிரி காட்டியது. அத்தை நாளிதழை மடித்து விசிறிக்கொண்டே "ஃபேர் சோ, ஃபேர் சோ" என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் முனகிக்கொண்டிருந்தார். சூடாக இருக்கிறது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் அலுவலக நகரமான எபேனில் ஏசி அலுவலகத்தில் பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தவர். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். தலைக்குக் குளித்துவிட்டு வந்து விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்த நான், "அத்தை, விசிறியைக் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா? சில்லுன்னு இருக்கு" என்று கேட்டேன். அவர் நம்ப முடியாமல் பார்த்தார். தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

நான்கு பேர் உணர்ந்ததும் உண்மை. வீட்டிலும் அலுவலகத்திலும் "எனக்குக் குளிருது" என்றோ "தாங்க முடியலை" என்றோ சொல்பவரை மற்றவர்கள் செல்லம் கொஞ்சுபவராகப் பார்க்கிறார்கள். வெப்பமானியைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். அந்த எண் காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்கிறது. உடம்பு கணக்கெடுக்கும் மற்ற விஷயங்கள் அதில் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மனித உடம்பு ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அது தள்ளும் வேகமும் உள்ளே உண்டாகும் வேகமும் சிரமமில்லாமல் ஒத்துப்போனால் நமக்கு அறை இருப்பதே தெரியாது. தள்ள முடியாமல் தேங்கினால் வெக்கை, அளவுக்கு மேல் போய்விட்டால் குளிர். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆறு விஷயங்கள் தீர்மானிப்பதாக, கட்டடங்களில் சூடு குளிரை ஆராயும் துறைக்காரர்கள் சொல்வார்கள். காற்றின் வெப்பம்; சுற்றியுள்ள சுவர், கூரை, தரையிலிருந்து வீசும் வெப்பம்; காற்றின் ஓட்டம்; ஈரப்பதம் ஆகிய நான்கும் அறையைச் சேர்ந்தவை. நாம் செய்யும் வேலையும் போட்டிருக்கும் உடையும் நம்மைச் சேர்ந்தவை.

தமிழ்ப் பாடம் எடுப்பவள் என்பதால் எனக்கு இதில் ஒரு சந்தோஷம். அறையைச் சேர்ந்த நான்கையும் நம் பேச்சு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. காற்று அசையாமல் ஈரம் ஏறி வியர்வை காயாவிட்டால் அது புழுக்கம். மொட்டை மாடித் தளமும் சுவரும் பகலில் குடித்த வெயிலை ராத்திரியில் கக்கினால் அது வெக்கை. சூடான காற்று முகத்தில் அறைந்தால் அனல். காற்றே குளிரை எலும்புக்குள் கொண்டு போனால் ஊதல். புழுக்கத்துக்கு மருந்து காற்றோட்டம். வெக்கைக்கு ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கூரையைக் கவனிக்க வேண்டும். எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஏசி என்று ஓடுவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

எங்கள் வீட்டு வெக்கையையே எடுத்துக்கொள்கிறேன். 1960இல் ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து மொரீஷியஸைத் தாக்கின. கரோலின் காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. மரத்தாலும் ஓலையாலும் தகரத்தாலும் கட்டிய குடியிருப்புகள் அப்படியே போய்விட்டன. அதன் பிறகு அரசு மத்திய வீடமைப்பு ஆணையத்தைத் தொடங்கிப் புதுக் குடியிருப்புகளை எழுப்பியது. மக்களும் மிச்சம் பிடித்துத் தட்டைத் தளம் போட்ட கான்கிரீட் வீடுகளுக்கு மாறினார்கள். அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, காற்று ஊளையிடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கான்கிரீட்டின் அருமை தெரியும்.

ஆனால் அதே தளம் நாள் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. கான்கிரீட் வழியாக வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். மதியம் மேலே விழுந்தது உள்ளே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வெளியே கடற்காற்று வந்து ஊரே இதமாகிவிட்ட எட்டு ஒன்பது மணிக்குத்தான் எங்கள் படுக்கையறைக் கூரை முழுச் சூட்டில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. காற்று 28 டிகிரி, சுற்றியுள்ள கூரையும் சுவரும் சராசரியாக 32 என்றால், காற்று அசையாத அறையில் உடம்புக்கு அது 30 போலத்தான். வெப்பமானி 28 என்றுதான் சொல்லும். அத்தையின் கட்டில் அந்தத் தளத்துக்கு நேர் கீழே இருந்தது.

பழைய கிரியோல் வீடுகள் வேறு கணக்கில் கட்டியவை. மோக்காவில் 1830இல் கட்டிய யுரேகா மாளிகையில் கதவுகள் மட்டும் 109 என்று சொல்வார்கள். சுற்றிலும் வராந்தா, எந்தப் பக்கம் காற்று வந்தாலும் மறுபக்கம் வெளியே போக வழி. பணக்காரக் கரும்பு முதலாளிகளின் வீடு அது, எல்லோருக்கும் கிடைத்தது இல்லை. ஆனாலும் சுவரில் வெயில் விழாமல் தடுப்பதும் குறுக்கே காற்றை ஓட விடுவதும் பணக்காரருக்கு மட்டும் என்று எழுதி வைத்ததல்ல.

சரி, அறையை விட்டு உடம்புக்கு வருகிறேன். இன்று உலகம் முழுக்க ஏசி அளவுகளுக்கு அடிப்படையாக இருக்கும் கணக்கை டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் என்ற பொறியாளர் 1970இல் வெளியிட்டார். டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் கல்லூரி மாணவர்களை மூடிய அறையில் உட்கார வைத்து, வெப்பத்தை மாற்றி மாற்றி "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக் கிடைத்த பதில்கள் அதற்கு ஆதாரம். மிகக் குளிர் என்பதற்கு மைனஸ் 3, மிகச் சூடு என்பதற்குப் பிளஸ் 3, நடுவில் சைபர். ஃபாங்கரின் கணக்கிலேயே ஒரு நேர்மையான ஒப்புதல் உண்டு: எல்லாவற்றையும் கச்சிதமாக வைத்து, சராசரி சரியாகச் சைபரில் நின்றாலும் 5 சதவீதம் பேர் திருப்தியாக இருக்க மாட்டார்கள். நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் ஐந்து பேர். அவர்களைத்தான் "எப்பப் பார்த்தாலும் குறை" என்கிறோம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும், இளையவருக்கும் முதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் ஃபாங்கர் கண்டதுதான். அவர் அறையில் எல்லோருக்கும் ஒரே சோதனை உடை, எல்லோரும் ஒரே மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நிஜ அலுவலகம் அப்படி இல்லையே! கோட்டு, டை, பூட்ஸ் போட்ட ஒருவரின் உடை, மெல்லிய பாவாடை சட்டைக்காரரின் உடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் கோட்டுக்காரர் என்றால் ரிமோட்டும் அவர் உடம்புக்குத்தான் கட்டுப்படும்.

2015இல் நெதர்லாந்தின் போரிஸ் கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். உடம்பில் உண்டாகும் வெப்பத்துக்கு ஏசி அளவுகளுக்கான விதிமுறைகள் வைத்திருந்த அளவு, 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. லேசான அலுவலக வேலை செய்த 16 இளம்பெண்களை அளந்து பார்த்ததில், பெண்களின் வெப்ப உற்பத்தியை அது 35 சதவீதம் வரை கூடுதலாகக் கணக்கிடக்கூடும் என்று தெரிந்தது. 16 பேர் சின்ன எண்ணிக்கைதான்; அதை வைத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு டிகிரியை எழுதி ஒட்ட முடியாது. ஆனால் என் வீட்டுக்காரரின் அலுவலகத்தில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் இறங்கும் இடத்தில் மேசை கிடைத்த ஒரு பெண், 21 டிகிரியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு விரல் விறைக்கத் தட்டச்சு செய்ததையும், "மெஷின் சரியாத்தான் காட்டுது" என்று அவருக்குப் பதில் கிடைத்ததையும் கேட்டபோது, இந்த ஆய்வு என் நினைவுக்கு வந்தது. குளிர ஆரம்பித்ததும் உடம்பு முதலில் கைகால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பெண்களுக்குப் பொதுவாக இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. உடம்பு நடுவில் சூடாகவே இருந்தாலும் விரல் நுனி சில்லிட்டால் ஆள் குளிரில்தான் இருக்கிறார். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏறும். மாதவிடாய் நின்றுபோகும் வயதில் காரணமே இல்லாமல் குபீரென்று கொதிக்கும். ஒரே பெண்ணுக்கே ஒரு மாதத்துக்குள் இரண்டு விதம்.

வயதானால் உடம்பு உண்டாக்கும் வெப்பமும் குறையும், வியர்ப்பதும் தாமதமாகும். அதைவிட ஆபத்து, சூடோ குளிரோ ஏறுவதை உடம்பு எச்சரிப்பதே மந்தமாகிவிடும். மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அது நரம்பைத் தொட்டுவிட்டால் காலில் வியர்வை நின்று, அதை ஈடுகட்ட நெஞ்சிலும் முகத்திலும் கூடுதலாகக் கொட்டும். அத்தைக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துக் கிடக்க, கழுத்து மட்டும் நனைந்துகொண்டிருந்தது ஏன் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான், அவர் "ஃபேர் சோ" என்பதை நான் வேறு காதால் கேட்க ஆரம்பித்தேன். ரத்தசோகை, தைராய்டுச் சுரப்புக் குறைவு இரண்டும் மறுபக்கம் இழுக்கும், எப்போதும் குளிரும். வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று ஒருவருக்குக் குளிரவோ வேர்க்கவோ தொடங்கினால் ஏசியைத் திருகுவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

அப்புறம், பிறந்த ஊர். வியர்வை பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஜப்பானியர் யாஸ் குனோ, வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களுக்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் அதிகம் என்று கண்டார். பெரியவர்களான பிறகு வெப்ப நாட்டுக்குப் போனவர்களுக்கு அப்படி இல்லை. எத்தனை சுரப்பிகள் விழித்துக்கொள்ளும் என்பது பிறந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் தீர்மானமாகிவிடுகிறதாம். பெரியவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் புது வெயிலுக்குப் பழகுவது வேறு. இருக்கும் சுரப்பிகளே சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்வதுதான் அது. நான் திருநெல்வேலியில் சித்திரை வெயிலில் தவழ்ந்தவள். அத்தை பிறந்து அறுபது வயது வரை இருந்தது க்யூர்பிப்பில்.

க்யூர்பிப் இங்கிருந்து 20 கிலோமீட்டர்கூட ஆகாது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். அந்த உயரமே மூன்று நான்கு டிகிரியைக் குறைத்துவிடும். மேற்குக் கரையில் வருடத்துக்கு 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடங்கள் உண்டு. க்யூர்பிப் இருக்கும் நடுமேட்டில் 4000 வரை போகும். 1860களில் போர்ட் லூயிஸை மலேரியா சூறையாடியபோது வசதியுள்ளவர்கள் மேட்டுக்கு ஓடியதால் வளர்ந்த ஊர் க்யூர்பிப். 2022இல் மெட்ரோ அங்கே வரை நீண்ட பிறகு இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஜூலையில் போர்ட் லூயிஸில் அரைக்கைச் சட்டையோடு ஏறுகிறவர்கள் வழியிலுள்ள வாகோவா தாண்டியதும் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுப்பார்கள். நிலையத்தை விட்டு இறங்கினால் தூறலும் ஊதலும் காத்திருக்கும்.

வகுப்பில் தென்றல் என்றால் தெற்கிலிருந்து வரும் இதமான காற்று, வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று என்று சொல்லிக் கொடுத்தேன். மேட்டு ஊரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, "மிஸ், எங்க வீட்டுல தெற்கு ஜன்னலைத் திறந்தாதான் குளிரும்" என்றான். அவன் சொன்னது சரி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். இங்கே குளிர்காலக் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. வடக்குச் சுவர்தான் வெயில் காயும் சுவர். தமிழ்நாட்டு மனையடிக் கணக்கை அப்படியே கொண்டு வந்து இங்கே ஜன்னல் வைத்தால், ஜூலையில் நடுங்கி ஜனவரியில் வேக வேண்டியதுதான்.

மேட்டு வீடுகளின் குளிரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெப்ப மண்டலத் தீவில் குளிரா என்று சிரிப்பார்கள். ஆகஸ்டு இரவில் வெளியே 15, 16 டிகிரி. வீட்டுக்குள் கணப்பு கிடையாது, தரை ஓடு, சுவரில் ஈரம், அலமாரியில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை. குளிர்ந்த காற்றின் ஈரப்பதம் மட்டும் உடம்புச் சூட்டை அதிகமாகப் பறித்துவிடாது. ஆனால் காயாத போர்வையும் ஈரம் குடித்த சுவரும் பறிக்கும். துணி ஈரமானால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் குணமே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர் நாடுகளுக்கும் மிதமான தட்பவெப்ப நாடுகளுக்கும் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்றது. மொரீஷியஸை யாரும் அந்தப் பட்டியலில் சேர்த்து யோசிக்க மாட்டார்கள். க்யூர்பிப்பில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் படுக்கையறைக்கு அந்த எண் பொருந்தாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழக்கத்தைக் கணக்கில் சேர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் டி டியரும் அமெரிக்காவின் கெய்ல் பிரேகரும். நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மக்களிடம் கேட்ட சுமார் 21,000 பதில்களைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார்கள். ஏசிக் கட்டடக்காரர்களுக்குப் பிடித்த வெப்பம் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கியது. ஜன்னல் திறந்து மூடும் கட்டடங்களில் இருந்தவர்களுக்கோ வெளியே வெயில் ஏற ஏறப் பிடித்த வெப்பமும் கூடவே ஏறியது. அதிலிருந்து வந்த கணக்கு எளிமையானது: வெளியே அந்த மாதச் சராசரி வெப்பத்தை 0.31ஆல் பெருக்கி 17.8ஐக் கூட்ட வேண்டும். அதற்கு மேலும் கீழும் 3.5 டிகிரி வரை பத்தில் எட்டுப் பேருக்கு ஒத்துக்கொள்ளும். ஜனவரியில் இங்கே சராசரி 27 என்று வைத்துக்கொண்டால் நடுப்புள்ளி 26.2, 29.7 வரை தாங்கும். மேட்டில் ஆகஸ்டுக்கு 19 என்று வைத்தால் நடுப்புள்ளி 23.7, 20.2க்குக் கீழே போனால் பத்தில் இரண்டு பேருக்கும் மேல் குளிர் என்பார்கள். ஒரே தீவில், ஒரே பஸ் பாஸில், இரண்டு வெவ்வேறு அளவுகள்.

அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு உடம்பின் பழக்கம், ஒரு பங்கு உடை, ஒரு பங்கு எதிர்பார்ப்பு. இன்னொரு பங்கு, என் பார்வையில் மிக முக்கியமானது, கைக்கு எட்டுவது. ஜன்னலைத் திறக்க முடிகிறவருக்கு, விசிறியைத் தானே கூட்டிக் குறைக்க முடிகிறவருக்கு, இரண்டு டிகிரி கூடினாலும் பெரிதாகத் தெரிவதில்லை. கண்ணாடி மூடிய கட்டடத்தில், எங்கோ இருக்கும் ஒருவர் வைத்த 21இல் மாட்டிக்கொண்டவருக்கு அரை டிகிரியும் உறைக்கிறது. காற்று நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதாவது மிதமான விசிறி வேகத்தில், 2 முதல் 3 டிகிரி வரை குறைந்த மாதிரி உடம்பு உணரும். பக்கத்துத் தீவான ரியூனியனில், செயின்ட்-பியேர் பல்கலைக்கழக வளாகத்தில் எனர்போஸ் என்ற கட்டடத்தை இதை நம்பியே கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல், வெயிலைத் தடுக்கும் மறைப்புகள், தலைக்கு மேல் விசிறிகள். வகுப்பறைகளில் ஏசி கிடையாது. எங்கள் இரண்டு தீவுகளும் ஒரே கடலில், ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அங்கே முடிந்தது எபேனில் முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. கரும்புச் சக்கை, காற்று, வெயில் போக, மின்சாரத்துக்கு எண்ணெயையும் நிலக்கரியையும் கப்பலில் இறக்கும் நாடு இது.

வீட்டில் என்ன செய்தோம் என்றால், அந்த ஏப்ரலுக்குப் பிறகு கூடத்து விசிறிக்குச் சண்டை போடுவதை நிறுத்தி, அத்தைக்குத் தனியாக ஒரு மேசை விசிறி வாங்கினோம். கழுத்துக்கு நேராக அவரே திருப்பி வைத்துக்கொள்வார். நான் தலை காயும் வரை அடுக்களைப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். இந்த ஊரில் பல வீட்டு மாடிகளிலும், பிள்ளைகள் என்றாவது மேலே கட்டுவார்கள் என்று கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். எங்கள் மாடிக் கம்பிகள் மேல் கொழுந்தனார் போன வருடக் கடைசியில் வீடு கட்டி முடித்தார். அதோடு எங்கள் கூரையில் வெயில் விழுவது நின்றது. இந்த ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன், கூரை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அத்தை கீழே நின்று, "என்னம்மா, சுடுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வெக்கை ஒரு மாடி ஏறி அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. நேற்று கொழுந்தனார் கீழே வந்து, ராத்திரியில் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறாள் என்றார். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும் பங்கு திரும்பிப் போய்விடும் என்று சொன்னேன். மழை விட்டதும் அடிக்கலாம் என்று பெயின்டரிடம் சொல்லியிருக்கிறார்.